தாசில்தார் படித்த என் களைப்பு நோட்டு

களைப்பை எழுதி வைப்பவன் உண்மையில் களைத்தவன் இல்லை. நிஜமாகவே களைத்தவனுக்குப் பேனா மூடியைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. இந்த ஞானம் எனக்கு அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு தாலுகா ஆபீஸில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் என் களைப்பை நான் தினமும் கட்டம் போட்டு எழுதி வந்தேன். (கணக்கு வாத்தியாராக முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் வேறு எப்படி எழுதுவான்.)

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டர். ஓய்வு பெற்ற மறு வருடம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசினார்கள். சைக்கிளில் போனால் நிறுத்த மாட்டார்கள் என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். வாங்கிய மூன்றாம் வாரமே அதிராம்பட்டினம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்று கிளம்பினேன். கடலைப் பார்த்தேன். திரும்பி வந்தது மீன் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி. அதன்பின் நான்கு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வீட்டில் மீன் வாசம் ஒரு வாரம் இருந்தது.

என் மகள் கயல்விழி திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். செய்தி கேட்டுப் போன் செய்தாள்.

"அப்பா, உங்க வயசுல எவ்வளவு ஓட்டுனீங்கங்கறது முக்கியமில்ல. உடம்புல எவ்வளவு பாரம் ஏறுச்சு, அதுலேர்ந்து தேறிட்டீங்களா, அதான் முக்கியம். தினம் எழுதி வைங்க."

முறையையும் அவளே சொன்னாள். ஓட்டி முடித்ததும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். அதை ஓட்டிய நிமிடங்களால் பெருக்க வேண்டும். தொண்ணூறு நிமிடம் ஓட்டி, கஷ்டம் ஆறு என்றால் அன்றைய பாரம் ஐந்நூற்று நாற்பது. ஏழு நாள் பாரத்தைக் கூட்டினால் வாரத்தின் பாரம். அது முந்தைய வாரங்களைவிடத் திடீரென்று எகிறினால் ஆபத்து. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்கி, உடம்பை ஆற விட வேண்டும். போதாததற்கு, காலையில் விழித்ததும் எழாமலே ஒரு நிமிடம் நாடி பிடித்து எண்ண வேண்டும். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று பொருள்.

நல்ல முறைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். கெடுத்தது நான். அவள் நான்கு கட்டம் போடச் சொன்னாள். நான் ஐந்தாவதாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகை நிலம். சொந்தம் ஒரு பழைய மிராசுதார் குடும்பத்துக்கு. என் அப்பா கட்சிக்காரர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளும் முன்பே கொடி பிடிக்கக் கற்றுக்கொண்டவர். (எனக்கு அறிவழகன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பெயருக்கும் எனக்கும் உள்ள தூரத்தைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.) குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபோது, தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து தன் பெயரை ஏற்றினார். அந்தப் பதிவு இருக்கும்வரை யாரும் எங்களை நிலத்தை விட்டு இறக்க முடியாது.

அப்பாவுக்குப் பின் அந்த நிலத்தைப் பார்த்தவள் என் மனைவி வெற்றிச்செல்வி. அப்பா இருந்தபோதும் பாதி அவள்தான். நான் பள்ளிக்கூடம் போனேன். ஓய்வு பெற்றபின் சைக்கிளில் போனேன். வயலுக்கு மட்டும் போகவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. எல்லாக் காரணமும் நோட்டில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் படுத்தபடி கண்ணை மூடி நாடியை எண்ணிக்கொண்டிருப்பேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று போகும்போது செல்வி வாசலிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏங்க, கரண்டு வந்துடுச்சு. மோட்டாரப் போட்டுட்டு வாங்களேன்."

எண்ணிக்கை தப்பிவிடும். திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அந்த எரிச்சலில் நாடி எட்டு கூடியிருக்கும். எட்டு கூடினால் ஓய்வு. ஆகவே மோட்டாரையும் அவளே போட்டாள்.

நான்காவது வாரம் வரும் ஓய்வு வாரத்துக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது. அது நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலில் ஆள் தேவைப்படும் நாட்களில் தவறாமல் வந்து விழும். சில சமயம் மூன்றாவது வாரத்திலேயே வந்துவிடும். ஓய்வு நாளில் உடம்புக்கு வேலை இல்லாததால் 'குறிப்பு' கட்டத்தில் நிறைய எழுதுவேன். எழுத எழுதக் களைப்பு கூடும். அதையும் எழுதுவேன்.

இப்படி நிம்மதியாகக் களைத்துக்கொண்டிருந்தபோது நோட்டீஸ் வந்தது. அப்பா இறந்தபின் பதிவை என் பெயருக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்திருந்தேன். அதற்கு மிராசுதாரின் பேரன் சென்னையிலிருந்து ஆட்சேபணை போட்டிருந்தார். நிலம் ரோட்டோரம் இருக்கிறது. மனை போடலாம். ஆட்சேபணையில் சொல்லியிருந்தது இதுதான்: குத்தகைக்காரர் என்றால் நிலத்தில் உடம்பால் உழைக்க வேண்டும். மனுதாரர் ஓய்வூதியம் வாங்குபவர், வயதானவர், உடல் தளர்ந்தவர். எனவே பதிவை ரத்து செய்து நிலத்தை ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். தாலுகா ஆபீஸில் விசாரணைக்கு நாளும் குறித்திருந்தது.

விவசாயச் சங்கத்து ராமையன் நோட்டீஸைப் படித்துவிட்டு ரொம்பவும் அமைதியாகச் சொன்னார்.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். குடும்பத்துல ஒருத்தர் உழைச்சாப் போதும். அண்ணி வந்து ரெண்டு வார்த்தை சொன்னாங்கன்னா முடிஞ்சுது."

"நான் வர்றேன்" என்றாள் செல்வி. "அன்னிக்கு நடவு. பரவால்ல, ஆளுங்கள உட்டுட்டு வர்றேன். இதவிட நடவு பெருசா?"

நிலம் போனால் என்ன ஆகும் என்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பென்ஷன் இருக்கிறது. அவளுக்கு இருந்தது அந்த ஒன்பது மாதான். அது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தேதான் அடுத்ததைச் செய்தேன்.

என் மண்டைக்குள் 'உடல் தளர்ந்தவர்' என்ற இரண்டு வார்த்தைகள் கிடந்து குடைந்தன. போன வாரம்தான் வாரத்தின் பாரத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தேன். நானா தளர்ந்தவன்?

"நீ வர வேணாம்" என்றேன். "நான் பாத்துக்கறேன். என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"என்ன ஆதாரம்?"

நோட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ராமையண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய இரண்டு நாட்கள் முழு ஓய்வு எடுத்தேன். விசாரணை நாள் காலை சைக்கிளிலேயே போவது என்று முடிவு. அறுபத்து மூன்று வயது ஆள் மிதித்து வந்து இறங்கினால் அதுவே பாதித் தீர்ப்பு. நேர் வழி பதினான்கு கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைய அட்டவணையில் முப்பது என்று இருந்ததால் சுற்று வழியில் போனேன். (தாசில்தாரை விடவும் அட்டவணைக்குப் பயந்த காலம் அது.) போய் இறங்கும்போது சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டபோது எழுந்தேன், தொடை பிடித்துக்கொண்டது, பெஞ்சைப் பிடித்தபடி நின்றேன்.

தாசில்தார் நாற்பது வயதுக்குள் இருக்கும் அம்மா. நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்புக்கு முடியலைங்களா சார்? உக்காருங்க. யாராச்சும் தண்ணி குடுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா என்னைக் கையால் சுட்டிக் காட்டினார். சங்கத்தின் சார்பில் வந்திருந்த ராமையன் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் குடித்தபின் பேசினேன். நான் தளர்ந்தவன் அல்ல என்றும், இரண்டு வருடமாக என் உடலுழைப்பை நாள் தவறாமல் அளந்து வைத்திருக்கிறேன் என்றும், மாவட்டத்தில் எந்த விவசாயியிடமும் இப்படி ஓர் ஆவணம் இருக்காது என்றும் சொல்லி நோட்டை மேசையில் வைத்தேன். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.

ராமையன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் திரும்பவில்லை.

வக்கீல், பார்க்கலாமா என்று கேட்டு நோட்டை வாங்கினார். இரண்டு பக்கம் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் பரீட்சைத்தாள் திருத்திக் கொடுத்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

"மேடம், மனுதாரர் கைப்பட எழுதினது. படிக்கிறேன். 'இன்று நடவு. நாடி எழுபத்தாறு. முழு ஓய்வு. அவள் நாலரைக்கே வயலுக்குப் போய்விட்டாள். காபி நானே போட்டேன். களைப்பு ஐந்து.'"

யாரோ சிரித்தார்கள்.

"இன்னொண்ணு. 'களையெடுப்பு. நேற்று எழுபது கிலோமீட்டர் ஓட்டியதால் கால் கனக்கிறது. வயல் பக்கம் போகவில்லை. அவள் சாப்பிட வந்ததே மூன்று மணிக்கு. அதற்குள் ரசம் ஆறிவிட்டது. களைப்பு ஆறு.'"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பியூன் கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

"'அறுப்பு. ஓய்வு வாரம். மெஷின் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெட்டது. அவள் நெல்லோடு களத்தில் இருக்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியவில்லை. களைப்பு ஏழு.'"

வக்கீலுக்கு நிறுத்த மனம் வரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் குரலில் படிக்க வேறு முயன்றார். பெஞ்சின் விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் நான் எத்தனை பையன்களின் விடைத்தாளை வகுப்பில் சத்தமாகப் படித்திருக்கிறேன் என்று நினைவுக்கு வந்தது. அவர்கள் அத்தனை பேரிடமும் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், மனசுக்குள்.

"'ஐப்பசி மழை. மேலண்டை வரப்பு உடைந்துவிட்டது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். நான் போகலாம் என்று நினைத்தேன். நாளை நெடும்பயணம் இருப்பதால் போகவில்லை. அவள் திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். களைப்பு நான்கு.'"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். தாசில்தார் கையை நீட்டி நோட்டை வாங்கினார். அவரே கொஞ்ச நேரம் படித்தார்.

"இந்த 'அவள்' யாரு சார்?"

"என் மனைவிங்க."

"பேரு?"

"வெற்றிச்செல்வி."

"ரெண்டு வருஷ நோட்டுல ஒரு இடத்துலகூட அந்தப் பேரு இல்லையே."

அவர் கையில் இருந்த நோட்டின் அட்டையைப் பார்த்தேன். அதில் என் பெயர் மட்டும் இருந்தது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"வயல்லங்க. நடவு."

தாசில்தார் நோட்டை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது ஃபைல்ல இருக்கட்டும். மத்தியானம் நான் நிலத்தைப் பாக்க வர்றேன்."

வக்கீலுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "மேடம், இந்த நோட்ட நாங்க ஆவணமாக் குடுக்கல" என்றார்.

"அவரு குடுத்தாரு. நீங்க படிச்சீங்க. நல்லாத்தான் படிச்சீங்க."

ஜீப் கிளம்பியது. ராமையனும் கிராம நிர்வாக அலுவலரும் ஏறிக்கொண்டார்கள். என் சைக்கிளுக்கு அதில் இடம் இல்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரும் மேற்கே. அந்தப் பதினான்கு கிலோமீட்டருக்கு நான் எண் போடவில்லை. போடுவதற்கு நோட்டு கையில் இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்திக் கேட்டார்கள், "என்ன சார், பஞ்சரா?"

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. தாசில்தார் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றார். செல்வி, புடவை மேல் என் பழைய பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றோடு அவர் எதிரே நின்றிருந்தாள். கடைசிப் பேச்சு மட்டும் என் காதில் விழுந்தது.

"சாட்சி யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இந்தா வரிசையா குனிஞ்சு நிக்குறாங்களே, இவங்கதாங்க. நான் இல்லாம இங்க ஒரு நடவும் நடந்ததில்ல. அந்தக் கீழ மூலையில எப்பவும் தண்ணி நிக்கும், ரெண்டு தடவ நடணும். அது தெரிஞ்சவங்க வேற யாராச்சும் இருந்தா அவங்க பேர்லயே எழுதிக்குங்க."

மிராசுதார் பேரன் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை என்று ராமையன் சொன்னார். நான் பார்த்திருக்கிறேன், சைக்கிளிலிருந்து. கீழ மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஜீப் போனபின் செல்வி என்னைப் பார்த்தாள்.

"நோட்டுல அப்படி என்னதான் எழுதி வச்சிருந்தீங்க?"

"எல்லாத்தையும்."

"என்னையுமா?"

"ரசம் ஆறிப்போனது வரைக்கும்."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் திரும்ப இறங்கி, விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். திட்டியிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. தாலுகா ஆபீஸில் பட்டதை எல்லாம் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது.

அன்று சாயங்காலம் அவள் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். (சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் சொல்லவில்லை, பிறகு மகளிடம் சொன்னாள்.)

"இன்னைக்கு எவ்வளவு களைப்பு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்ல. நாளைக்குக் கேளுங்க, சொல்றேன். இன்னைக்கு நம்பர் சொல்லவே அலுப்பா இருக்கு."

உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. மனுதாரர் நிலத்தில் எவ்வித உடலுழைப்பும் செய்யவில்லை என்பது அவருடைய கைப்பட எழுதிய ஆவணத்தால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்று முதல் பத்தி. அவருடைய மனைவி இடைவிடாமல் சாகுபடி செய்து வருகிறார் என்பதும் அதே ஆவணத்தாலும் நேரடி விசாரணையாலும் நிரூபணமாகிறது என்று இரண்டாம் பத்தி. நான் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பதிவு வெற்றிச்செல்வி பெயருக்கு மாறியது. ராமையன் அந்த முதல் பத்தியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அதை ஒப்பிக்காமல் அவர் இலையை மடிப்பதில்லை.

அதற்குப் பின் நான் வயலுக்குப் போகிறேன். சைக்கிளும் ஓட்டுகிறேன், வாரத்துக்கு மூன்று நாள். முதல் நாள் வரப்பு வெட்டினேன். முக்கால் மணி நேரம். இடுப்பு இரண்டாகப் போய்விட்டது. கரையேறி வந்து, எட்டு என்றேன். செல்வி நான் வெட்டிய வரப்பைக் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் களைப்புக்கு எண் போடும் அதிகாரம் அவளிடம் போய்விட்டது. யார் எதற்கு அலுத்துக்கொண்டாலும், திருச்சியிலிருந்து வந்து இறங்கும் கயல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாலும், பதில் ரெண்டுதான். மாப்பிள்ளைக்கு மட்டும் மரியாதைக்கு மூன்று போடுகிறாள்.

போன மழைக்காலத்தில் எனக்கு விஷக் காய்ச்சல். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கயல் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "எப்படிப்பா இருக்கு, பத்துக்கு எவ்வளவு?" என்றாள். ஒன்பது என்று முனகினேன். கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடியபடி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த செல்வி கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு" என்றாள். மருந்து ஏற்ற வந்த நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார்.

ஐந்து நாளாகச் செல்வி அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. உனக்கு எவ்வளவு என்று கேட்டேன். மறுநாள் சொல்வதாகச் சொன்னாள்.